பாடசாலை கேட்பதைக் கொடுங்கள்

யாழ்ப்பாணத்துத் தனியார் பாடசாலைகளின் பெயரால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கு,



நீங்கள் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் கூரை இழந்த வகுப்பறைகளுக்கு ஓடு போட்டவர்கள் நீங்கள். இரண்டு வேலை பார்த்து, ஊரில் இருந்த பெற்றோருக்கும் அனுப்பி, சகோதரங்களையும் கூப்பிட்டெடுத்து, அதற்குப் பிறகும் மிச்சம்பிடித்துப் படித்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள். ஆனால் கொடுக்கும் முறை பற்றி ஒரு முறைப்பாடு நெடுநாளாக உங்கள் காதுக்கு வராமலே இருக்கிறது. அதிபர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். கொடுப்பவரிடம் குறை சொன்னால் அடுத்த முறை கை மடங்கிவிடுமே என்ற தயக்கம் அவர்களுக்கு. உங்கள் நிர்வாகக் குழுக்களும் சொல்ல மாட்டா. ஆண்டுக்கு ஒரு பெரிய வேலையைக் காட்டினால்தான் அடுத்த தெரிவில் வாக்கு விழும். ஆகவே அது வெளியில் நின்று எழுதப்படுகிறது.

முறைப்பாடு இதுதான்: பாடசாலைக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், பாடசாலை அதைப் பெற்றுக்கொள்கிறது.

ஓர் அதிபரின் மேசைக்குப் பின்னால் சிறிது நேரம் இருந்து பாருங்கள். உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர் கனடா போகிறார். அனுமதிக்கப்பட்ட ஆளணியில் அந்த இடம் நிரம்ப எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. இடையில் ஒருவரைப் பிடித்து வைத்தால் அவருக்குச் சம்பளத்தைப் பாடசாலைதான் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள்கள் முடிந்துவிட்டன. விடுதியின் தண்ணீர்ப் பம்பி பழுது. தரம் ஆறில் சேர்ந்த சில பிள்ளைகளுக்கு இன்னும் வாசிப்புச் சரியாக வரவில்லை. பின்னேரம் அவர்களோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். இந்த நேரத்தில் உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்கிறது: 'எங்கள் பிரிவின் வெள்ளிவிழாவை முன்னிட்டு நுழைவாயில் வளைவு ஒன்று கட்டித்தரத் தீர்மானித்துள்ளோம். வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.' அதிபர் என்ன பதில் எழுதுவார்? நன்றி என்றுதான். வேறென்ன எழுத முடியும் அவரால்?

தூரத்தில் இருந்துகொண்டு பணத்தோடு முடிவையும் சேர்த்து அனுப்புவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அதன் விளைவை உங்கள் சொந்தப் பாடசாலைகளின் வரலாறே சொல்கிறது. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியைப் பரிசளிப்பு விழா மேடைகளில் நீங்கள் எத்தனையோ தடவை புகழ்ந்திருப்பீர்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். அதன் செலவின் பெரும்பகுதி அமெரிக்கத் தேவாலயங்களில் திரட்டிய காசில் இருந்து வந்தது. காசு எங்கிருந்து வந்ததோ அங்கேதான் கடைசி முடிவும் இருந்தது. 1854-55இல் பொஸ்ரனில் இருந்த மிஷன் தலைமையகம் தன் செயலாளர் ரூபஸ் அண்டர்சனின் தலைமையில் ஒரு குழுவை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. ஆங்கிலம் படித்த பொடியன்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது தலைமையகத்தின் மனக்குறை. தாய்மொழியில் சமயக் கல்வி போதும் என்று முடிவாயிற்று. 1855இல் செமினரி மூடப்பட்டது.

முடிவெடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தை நேசித்தார்கள். தங்கள் காசு தங்கள் நோக்கத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தார்கள். அவ்வளவுதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஊரவர்கள். செமினரியின் பழைய மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் விடாமல் முயன்று, பணம் திரட்டி, அதே வட்டுக்கோட்டையில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை உண்டாக்கும்வரை பதினேழு ஆண்டுகள் போயின. யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர்கள் செய்த முதல் பெரிய நிதிதிரட்டல் என்று அதைச் சொல்லலாம். அவர்கள் பாடுபட்டது ஒரு முழுக் கல்லூரிக்காக.

பெயர் பொறிப்பது பற்றியும் அந்தக் காலம் ஒரு செய்தி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கொடையாளர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பும் பெயரை வைக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் இருவரும் செமினரியில் படித்த தமிழர்கள். அவர்களின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பின்னாளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்கத்துக்குக் காரணமாயிருந்த சிதம்பரப்பிள்ளையை ஊர் வில்லியம் நெவின்ஸ் என்று அழைத்தது. இன்று நீங்கள் யாருடைய பிள்ளைக்கும் பெயர் மாற்றுவதில்லை. ஆனால் ஒரு வகுப்பறை வாசலில் மூன்று நினைவுக்கல், நூலக அலுமாரி ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ப்பலகை, தண்ணீர்த் தொட்டியில் ஒரு பிரிவின் இலச்சினை என்று பார்க்கும்போது, கொடையின் அடையாளம் கொடையைவிடப் பெரிதாகிவிட்டதோ என்று கேட்கத் தோன்றுகிறது. பெற்றோரின் நினைவாக ஒரு கல் வைக்க விரும்பும் மகளின் மனத்தை யாரும் பழிக்கப் போவதில்லை. அந்த விருப்பமே பாடசாலையின் செலவுத்திட்டம் ஆகிவிடக்கூடாது.

இந்தப் பாடசாலைகளுக்கு ஏன் உங்கள் பணம் மற்றப் பாடசாலைகளுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1960ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கச் சட்டத்தின் கீழ் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி ஆகியவை தனியாக நிற்பதைத் தெரிவுசெய்தன. அதற்கு அவை ஏற்றுக்கொண்ட நிபந்தனையை நினைத்துப் பாருங்கள்: அரச உதவியும் இல்லை, பிள்ளைகளிடம் கல்விக் கட்டணமும் வாங்கக் கூடாது. வருமானத்தின் இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டிருந்தன. அந்த ஆண்டுகளில் இப்பாடசாலைகளைத் தாங்கியது பெற்றோரின் நன்கொடையும் பழைய மாணவரின் கையும் திருச்சபையின் சொத்துமே. இன்று இத்தகைய உதவிபெறும் தனியார் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. மற்றச் செலவுகளைப் பாடசாலையே பார்த்துக்கொள்ள வேண்டும். அரச பாடசாலைக்கு ஒரு கட்டடம் கிடைத்தால் அதன் பராமரிப்பை ஏதாவது ஒரு திணைக்களத்திடம் கேட்கலாம். தனியார் பாடசாலை யாரிடம் கேட்கும்?

இங்கேதான் கட்டடக் கொடையின் மறுபக்கம் தெரிகிறது. அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவை 1990இல் வெளியிட்ட, பொதுக் கட்டடங்களின் பராமரிப்புப் பற்றிய அறிக்கை ஒன்று, ஒரு கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க அதன் மீள்கட்டுமானப் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு ஆண்டுதோறும் வேண்டும் என்று சொல்கிறது. யாழ்ப்பாணத்தின் உப்புக்காற்றுக்கும் மாரி மழைக்கும் அது குறையப் போவதில்லை. நீங்கள் ஐந்து கோடி ரூபாயில் ஒரு மாடிக் கட்டடம் கட்டிக்கொடுத்தால், அதனோடு ஆண்டுக்குப் பத்து முதல் இருபது இலட்சம் ரூபாய்ச் செலவையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். திறப்புவிழாப் படத்தில் அந்தச் செலவு தெரியாது. பத்து ஆண்டு கழித்து வெடித்த சுவரையும் கறள் பிடித்த கம்பியையும் பார்த்துவிட்டு, 'நாங்கள் கட்டிக்கொடுத்ததை இப்படி வைத்திருக்கிறார்களே' என்று வட்ஸ்அப் குழுவில் எழுதுவதும் நீங்கள்தான். அது நியாயமல்ல. கட்டடம் கட்ட வேண்டிய இடங்கள் உண்டு. மலசலகூடம் இல்லாத விடுதிக்கு அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பராமரிப்புக்கு ஒரு சதமும் ஒதுக்காமல் எழுப்பப்படும் மாடி, பாடசாலையின் தோளில் ஏற்றப்படும் கடன்.

நெருக்கடி வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2022ஐ நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஏப்ரல் 12இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மேல் மாகாணத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. செப்டம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டிப் பிடித்தது. அந்த மாதங்களில் கிடைத்த அளவு ரூபாய் உங்கள் ஒரு பவுணுக்கும் ஒரு டொலருக்கும் அதற்கு முன் எப்போதும் கிடைத்ததில்லை. ஒரு பாடசாலையின் கையில் நிபந்தனையற்ற பணம் கொஞ்சம் இருந்திருந்தால் கடதாசி வாங்கியிருக்கலாம், விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைக்காமல் வைத்திருக்கலாம், பஸ்சுக்கு டீசல் இல்லாத நாள்களில் ஆசிரியரை விடுதியிலேயே தங்கவைத்திருக்கலாம். விளையாட்டரங்கு நிதி என்று பெயரிட்டு வங்கியில் போட்ட பணத்தை அதிபர் தொட முடியாது. தொட வேண்டுமானால் உங்கள் நிர்வாகக் குழு கூட வேண்டும், நிறைவெண் சேர வேண்டும், தீர்மானம் நிறைவேற வேண்டும். பசிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் மற்ற நாட்டுத் தனியார் பாடசாலைகள் நெடுங்காலமாகப் பாடம் படித்திருக்கின்றன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் 1890இல் ஒரு நிதியத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் இயன்றதை, ஆண்டு தவறாமல், இன்ன வேலைக்கு என்று கட்டுப்போடாமல் கொடுப்பதே அதன் அடிப்படை. இன்று அந்நாட்டின் தனியார் பாடசாலைகள் பலவும் 'ஆண்டு நிதி' என்று நடத்துவது அந்த வழியில் வந்ததுதான். ஒரு கோடீசுவரரின் ஒரு தடவைக் கொடையைவிட, ஆயிரம் பேரின் மாதக் கொடையை அவை பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு: அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஓர் ஆசிரியரை அடுத்த ஆண்டுக்கும் வேலைக்கு வைக்கலாம்.

பெருங்கொடையும் நல்லபடியாகக் கொடுக்கப்படலாம் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸெற்றர் அக்கடமி சாட்சி. 1930இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் அதற்கு 58 இலட்சம் டொலர் கொடுத்தார். அவர் அந்தப் பாடசாலையில் படித்தவரும் அல்லர். வரிசை வரிசையாக வாங்கு போட்டு ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் முறையை மாற்ற வேண்டும், பின்வரிசைப் பிள்ளையும் வாய் திறக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அதை எப்படிச் செய்வது என்ற திட்டத்தை வகுக்கப் பாடசாலையிடமே விட்டார். முதலில் வந்த திட்டத்தில் போதிய புதுமை இல்லை என்று திருப்பினார். பாடசாலை மறுபடி யோசித்தது. ஒரு மேசையைச் சுற்றி ஏறக்குறையப் பன்னிரண்டு மாணவரும் ஓர் ஆசிரியரும் இருந்து பேசிப் படிக்கும் முறை அப்படித்தான் வந்தது. அதற்காகக் கட்டடமும் கட்டினார்கள், மெய்தான். ஆனால் ஆசிரியர்களின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. கட்டடம் வகுப்பின் தேவையைப் பின்தொடர்ந்து வந்தது. தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த மேசையை உலகம் ஹார்க்னஸ் மேசை என்றுதான் சொல்கிறது. பெயர் நிலைக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இதையும் எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் வாழும் நாடுகளின் சட்டமும் உங்களுக்குக் கைகொடுக்கிறது. பிரித்தானியாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு வருமான வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண் கொடுத்தால், 'கிஃப்ட் எய்ட்' திட்டத்தின் கீழ் அரசிடம் இருந்து மேலும் 25 பென்ஸ் கேட்டு வாங்கலாம். அதற்கு ஒரு படிவம் நிரப்பினால் போதும். இராப்போசன அனுமதிச்சீட்டு விற்றுத் திரட்டும் காசுக்கு அந்தச் சலுகை சாதாரணமாகக் கிடைக்காது, ஏனென்றால் கொடுத்தவர் பதிலுக்குச் சாப்பாடு பெற்றுவிட்டார். மண்டபத்துக்கும் இசைக்குழுவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதை ஊருக்கு அனுப்புவதைவிட, அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் வங்கிக் கட்டளை போட்டு மாதம் பத்துப் பவுண் கொடுத்தால் பாடசாலைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று உங்கள் பொருளாளரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒன்றுகூடலை நிறுத்தச் சொல்லவில்லை. அகதியாக வந்த நாட்டில் பழைய வகுப்புத் தோழனைக் கட்டிப்பிடிக்கக் கிடைக்கும் ஓர் இரவு பெறுமதியானது. அதை உறவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிதிக்கு வேறு வழி வையுங்கள்.

உங்கள் மலர்களையும் செய்திமடல்களையும் புரட்டினால் இன்னொரு வருத்தம். தலைவர் செய்தி, செயலாளர் செய்தி, பொன்னாடை போர்த்தும் படங்கள், 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமரில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்ற நினைவுகள். கிரிக்கெட் நினைவுகள் இனிமையானவை, அவை இருக்கட்டும். ஆனால் இந்த ஆண்டு பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, உயர்தரத்தில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார்கள், விடுதியில் இருக்கும் வன்னிப் பிள்ளைகளின் நிலை என்ன, போன ஆண்டு அனுப்பிய பணம் எதற்குச் செலவானது என்பதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன? ஸ்காபரோவில் பிறந்த உங்கள் மகனுக்கு அந்தக் கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. தன்னைப் போல் பதினான்கு வயதான ஒரு பிள்ளை முல்லைத்தீவில் இருந்து வந்து விடுதியில் இருந்து படிக்கிறது என்ற செய்தி ஏதாவது சொல்லக்கூடும். பழைய மாணவர் அல்லாத தலைமுறை ஒன்று உங்கள் வீடுகளில் வளர்ந்துவிட்டது. உங்களுக்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு உங்கள் மலர்களில் விடை இல்லை.

வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. கணவர் பரி. யோவானிலும் மனைவி சுண்டுக்குளியிலும் படித்த வீட்டில் காசோலை எந்தப் பாடசாலையின் பெயருக்கு எழுதப்படுகிறது? உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். இரு நூற்றாண்டுகள் தாண்டிய பிறகும் பெண்கள் பாடசாலைகளின் பங்கு குடும்பத்தின் இரண்டாவது காசோலையாக இருக்கக் கூடாது. கலியாணத்தின் பின் பெயரும் நாடும் மாறிய பழைய மாணவிகளின் விபரத்தைத் தேடித் தொகுப்பது கடினமான, ஆனால் எந்த மேடை அலங்காரத்தையும்விடப் பயனுள்ள வேலை.

இதையெல்லாம் சொல்லும்போது உங்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் எழும்: 'சும்மா கையில் கொடுத்தால் கணக்கு யார் காட்டுவது?' அந்தக் கேள்வி சரியான கேள்வி. நன்கொடையின் கணக்கு வராமல் மனம் நொந்தவர்கள் உங்களில் உண்டு. பாடசாலைகள் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: கணக்காய்வு செய்த அறிக்கை ஆண்டுதோறும், கேட்காமலே, எல்லாக் கிளைகளுக்கும் வர வேண்டும். ஆனால் நம்பிக்கைக் குறைவுக்கு மருந்து கணக்குக் கேட்பதே. நுழைவாயில் வளைவு கட்டுவது அதற்கு மருந்தாகாது. கல்லும் சீமெந்தும் கண்ணுக்குத் தெரிவதால் நம்பலாம் என்று நினைக்கிறீர்கள். கட்டட ஒப்பந்தத்தில் காசு கரைவதில்லையா? ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: வரும் மூன்று ஆண்டுகளுக்குச் சங்கம் திரட்டும் பணத்தில் பாதி, எந்த நிபந்தனையும் இன்றி, பாடசாலையின் ஆட்சிக்குழுவும் அதிபரும் தீர்மானிக்கும் செலவுக்குப் போகும், பதிலுக்குப் பாடசாலை கணக்காய்வு அறிக்கையும் ஆண்டுத் தேவைப்பட்டியலும் தரும். மறுபாதியை நீங்கள் விரும்பும் திட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டடம் என்றால் அதன் செலவில் நூற்றுக்கு இரண்டு பங்கையாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட பின் அத்திவாரம் போடுங்கள். லண்டன் ஒரு பக்கமும் ரொறன்ரோ ஒரு பக்கமும் தனித்தனியாகச் சிறு நிதியங்கள் வைத்திருப்பதை நிறுத்தி, ஒரே மூலநிதியைக் கூட்டாக உண்டாக்குங்கள். பத்துக் கோடி ரூபாய்ப் பெறுமதியான மூலநிதியில் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து மட்டும் எடுத்தால் நாற்பது முதல் ஐம்பது இலட்சம். சில ஆசிரியர்களின் சம்பளமும் சில பிள்ளைகளின் விடுதிச் செலவும் அதில் அடங்கும். 2022 மறுபடி வரலாம் என்பதால் அதில் ஒரு பகுதியை வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருங்கள்.

பாடசாலைகளுக்குப் புதிய ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதிபர் தேவைகளை அதற்கு முன்பே திட்டமிட வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே ஒரு கடிதம் எழுதுங்கள். வரைபடம் எதுவும் இணைக்க வேண்டாம். வரும் ஆண்டில் பாடசாலைக்கு முதலில் வேண்டிய ஐந்து செலவுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வரும் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் உங்கள் உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்புங்கள்.